இருபத்தேழாம் எண் வண்டியை ஓட்டியவர்

காத்திவாக்கம்
4-11-2001

அன்புள்ள வேலப்பன் அண்ணனுக்குத் தங்கை கோவிந்தம்மா எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் சுகம். திருவொற்றியூரில் அண்ணியும் சுகம், போன வாரம் இறால் கொடுத்துவிட்டு வந்தேன். தம்மாமில் உனக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ராயபுரத்தில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் ஜாபர் பாய் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். மோட்டார் கிளப்காரர்கள் புதுக் கட்டடம் கட்டுகிறார்களாம். சோழவரம் ரேஸில் ஜெயித்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி, படம் மாட்டி, மார்ச் பதினேழாம் தேதி திறக்கிறார்களாம். அதில் அச்சடித்திருக்கிறது: '1981, 82, 83 மூன்று ஆண்டும் சாம்பியன், இருபத்தேழாம் எண் வண்டி, திரு. தினகர்.'

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் வயிற்றெரிச்சல் அடங்கும். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கிற வேலையில் இருந்தார். ரேஸுக்கு லைசென்ஸ் கேட்டுப் போனால், கிளப் மெம்பர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். குப்பத்து ஆளுக்கு எவன் போடுவான்? மேனேஜரின் தம்பி மகன் தினகருக்கு லைசென்ஸ் இருந்தது, தைரியம்தான் இல்லை. ரேஸுக்கு முதல் நாள் ஒருமுறை விழுந்ததும் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கம்பெனி மானம் போகிறது என்று அவன் உடுப்பையும் ஹெல்மெட்டையும் இவருக்கு மாட்டி ஏற்றிவிட்டார்கள். இவர் ஜெயித்தார். கூடாரத்துக்குப் பின்னால் உடுப்பை உருவி, வேர்வை நாற்றம் போகப் பவுடர் கொட்டி, அதைப் போட்டுக்கொண்டு தினகர் போய்க் கோப்பை வாங்கினான். மூன்று வருடமும் இதே கூத்து. நாலாம் வருடம் இவர் விழுந்து கால் மூட்டு நொறுங்கியது. அந்த வருடமே தினகர் 'ஓய்வு' பெற்றுவிட்டான்.

ஆஸ்பத்திரி நோட்டில் பொன்னேரி ரோட்டில் லாரி இடித்ததாக எழுதியிருந்தது. அப்படிச் சொன்ன வாய் அழுகிப் போகட்டும்.

அந்த வண்டிக்கு மெக்கானிக் நீதான். நடந்தது என்ன என்று கிளப்புக்கு ஒரு கடிதம் எழுது. போனில் சொல்வது காற்றோடு போய்விடும், கைப்பட எழுது. என் வீட்டுக்காரர் நோட்டீஸைப் பார்த்தார், மடித்து வைத்தார், ஐஸ் வண்டி ஓட்டக் காசிமேட்டுக்குப் போய்விட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
கோவிந்தம்மா

---

தம்மாம், சவூதி அரேபியா
26-11-2001

அன்புத் தங்கை கோவிந்தம்மாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலமாக இருக்கிறேன். நீ, மச்சான், குழலி எல்லோரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம்.

இங்கே வெயில் இறங்கிவிட்டது. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். முதுகுவலி பரவாயில்லை. கேம்பில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் சமையலுக்கு வந்திருக்கிறார். மீன் குழம்பு வைக்கிறார், நம் வீட்டு ருசி வரவில்லை. குழலி ஒன்பதாம் வகுப்பில் எப்படிப் படிக்கிறாள்? கணக்கில் கவனமாக இருக்கச் சொல். ஊருக்கு வரும் ராசையா என்பவரிடம் இரண்டு கோடாலித் தைலமும் மச்சானின் முட்டிக்கு ஒரு பட்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். மச்சானே சும்மா இருக்கும்போது நீ ஏன் பழசைக் கிளறுகிறாய்? கல்லில் பெயர் இருந்தால் வயிறு நிறையுமா? அப்புறம், சாபமெல்லாம் விடாதே. ஒரு பெண்பிள்ளை வாயில் வரக்கூடிய சொல்லா அது? படித்துவிட்டு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்,
வேலப்பன்

---

காத்திவாக்கம்
12-12-2001

அண்ணனுக்கு,

சுகம். சுகமறிய ஆசை. தைலம் வந்தது, முட்டிப் பட்டையும் வந்தது.

ஸ்வெட்டரைப் பற்றி எழுதினாய், மீன் குழம்பைப் பற்றி எழுதினாய், கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சரி, மறதி என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் ஜாபர் பாயைக் கூட்டிக்கொண்டு கிளப்புக்கே போனேன். செக்ரட்டரி முழுதாகக் கேட்டுவிட்டு, "இதோ பாரும்மா, புருஷனுக்குப் பொண்டாட்டி சொல்ற சாட்சி செல்லாது" என்றார். ஜாபர் பாய் அன்றைக்குக் கூட்டத்தில் நின்று பார்த்தவர், அதுவும் செல்லாதாம். பிறகு பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார். இருபத்தேழாம் எண் வண்டிக்கு மெக்கானிக் என்று உன் பெயர் இருக்கிறது. "இவர் எழுதிக் கொடுத்தால் கமிட்டியில் வைக்கிறேன்" என்றார். ஆகவே உலகத்தில் நீ ஒருத்தன்தான் பாக்கி.

இன்னொன்றும் கேள். சுவரில் மாட்டப் போகிற படங்களை அங்கே சாய்த்து வைத்திருந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருடப் படம், ஆள் உயரத்துக்கு. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் இடது பூட்ஸைப் பார்த்தேன், அண்ணே. தினகரின் பூட்ஸ் இவர் காலுக்குப் பெரிதாக இருக்குமே, நான்தானே ஒவ்வொரு வருடமும் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வலை நூலால் இறுக்கிக் கட்டுவேன். மூன்று சுற்று, வால் மடக்கி இடது பக்கம். நம் வீட்டு வலையின் அடையாளம். அடித்துக்கொண்டு போன வலை எந்தக் குப்பத்தில் கரை ஒதுங்கினாலும், ஓரத்தில் யார் வீட்டு முடிச்சு இருக்கிறதோ அவர்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முகத்துவாரக்குப்பத்தில் கேள், பழவேற்காட்டில் கேள், இதற்கு ஒருவனும் வழக்குப் பேச மாட்டான்.

அந்தப் படத்தில் நம் முடிச்சு இருக்கிறது. கீழே தினகர் பெயர் எழுதியிருக்கிறது. செக்ரட்டரியிடம் காட்டினேன். "நூலை எல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியுமா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடனே எழுது. இந்தத் தடவை மறக்காதே.
தங்கை,
கோவிந்தம்மா

---

காத்திவாக்கம்
10-1-2002

அண்ணனுக்கு,

ஒரு மாதமாயிற்று, பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து அண்ணியைப் போய்க் கேட்டேன். உனக்கு ஒன்றுமில்லை, போன வெள்ளிக்கிழமை போனில் நன்றாகப் பேசினாய் என்றாள். சந்தோஷம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். குழலி வகுப்பில் 'எனக்குப் பெருமை தரும் மனிதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். என் நைனா சோழவரத்தில் மூன்று முறை சாம்பியன் என்று எழுதியிருக்கிறாள். டீச்சரின் வீட்டுக்காரர் அந்தக் கிளப்புக்குப் போகிறவராம். டீச்சர் நோட்டீஸைக் கொண்டுவந்து வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, "இதில் ஐஸ் வண்டிக்காரர் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தாளாம். குழலி மன்னிப்புக் கேட்கவில்லை, நின்றுவிட்டு வந்தாள். இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்.

அவரிடம் சொன்னேன். அப்போதும், "வுடு கோவிந்து, ஓட்டினது நான்தானே, எனக்குத் தெரியும்ல" என்றார். உனக்குத் தெரிந்தால் ஆயிற்றா, என் பெண்ணுக்கு எவன் பதில் சொல்வான் என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

நான் உன்னிடம் நகை கேட்கவில்லை, நாலு வரி கேட்கிறேன். நடந்ததை நடந்தது என்று எழுத இத்தனை நாளா?

கோவிந்தம்மா

---

தம்மாம்
24-1-2002

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இங்கே தபால் அப்படித்தான்.

குழலிக்கு நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடுவாள். அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன்.

கிளப்புக்கு எழுதுவது பற்றி யோசித்தேன். இருபது வருடம் ஆகிறது. அந்த ரேஸ்களில் நான் அங்கே இருந்தேனா, எந்த வருடம் எந்த வண்டி என்பதெல்லாம் எனக்கே சரியாக நினைவில் இல்லை. தப்பாக எழுதிக் கொடுத்து நாளைக்கு வழக்கு, வம்பு என்று வந்தால் யார் அலைவது? தினகர் சாரும் நீ நினைக்கிற மாதிரி கெட்டவர் இல்லை. டிசம்பரில் கேம்புக்கு வந்திருந்தபோது எல்லோரையும் விசாரித்தார். மச்சான் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார்.

எல்லாவற்றையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.
அண்ணன்,
வேலப்பன்

---

காத்திவாக்கம்
11-2-2002

வேலப்பனுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தினகர் எதற்கு உன் கேம்புக்கு வருகிறான்? இந்த ஒரு கேள்விதான் எனக்கு எழுந்தது. ஜாபர் பாயிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "வாணாம்மா, என்னாத்துக்கு இப்ப அது" என்றார். நான் அந்த ஷாப்பை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

உன்னைத் தம்மாமுக்கு அனுப்பிய ஏஜென்சி தினகர் வீட்டுடையதாம். இன்றைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர்கள்தானாம். இவர் விழுந்தது பிப்ரவரி. உனக்கு விசா வந்தது ஏப்ரல். விழுந்த அன்றைக்கு ஜாபர் பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார். லாரி இடித்தது என்று சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட்டது யார் என்று கண்ணால் பார்த்திருக்கிறார். பதினெட்டு வருடமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார், உன் மானத்துக்காக.

நவம்பரில் ஒரு வாய்க்குச் சாபம் விட்டேன். என்னோடு பிறந்தவன் வாய் என்று தெரியாமல் விட்டேன். தெரிந்திருந்தாலும் விட்டிருப்பேன்.

உனக்கு விசா வந்தபோது நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். அவர் அப்போது கட்டிலில் கிடந்தார், கால் கட்டோடு. அவருக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டு, "எங்க அண்ணன் கரை ஏறிட்டான்" என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

இனிமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

கோவிந்தம்மா

---

காத்திவாக்கம்
14-2-2002

மச்சான்,

பொன்னுரங்கம் எழுதறேன். நான் லெட்டர் எழுதி நீ பாத்திருக்க மாட்டே. கோவிந்து இறால் விக்கப் போயிருக்கா, வர்றதுக்குள்ள எழுதிடறேன். நான் நல்லாகீறேன். நீ எப்படி கீறே?

ஆஸ்பத்திரி நோட்டு மேட்டரு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கையெழுத்து போட்டப்போ நான் தூங்கல, கண்ண மூடிகினு கெடந்தேன். உன்ன ஒண்ணும் கேக்கல. உங்கம்மா இழுத்துகினு கெடந்தாங்க, வூட்டுல அடுப்பு எரியல. ஒருத்தனாவது பொழைக்கட்டும்னு வுட்டுட்டேன். கோவிந்து கிட்ட சொன்னா உன்ன கடிச்சி துப்பிடுவா, அதான் சொல்லல.

எனக்கு கோவமே வராதுன்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க. வரும் மச்சான். ஒவ்வொரு வருசமும் வந்துச்சு. கூடாரத்து பின்னால அந்த உடுப்ப உருவிகினு போயிடுவானுங்க. நான் ஜட்டியோட நின்னுகினு என் லுங்கி எங்கன்னு தேடிகினு இருப்பேன். அந்தாண்ட மைக்குல அவன் பேர சொல்லுவாங்க, கை தட்டுவாங்க. நம்ம குப்பத்து ஜனம் மட்டும் 'பொன்னு, பொன்னு'ன்னு கத்தும். அத கேட்டுகினே லுங்கிய கட்டுவேன். போதும்டான்னு இருக்கும். அடுத்த வருசம் கூப்ட்டா திரும்ப போவேன், ஏன்னா வேற எப்படி நான் ஓட்டறது?

எனக்காக நீ ஒண்ணும் எழுத வாணாம். கல்லும் வாணாம். ஆனா எம் பொண்ண நிக்க வச்சாங்களே, அத என்னால தாங்க முடியல. நான் வாய மூடிகினு இருந்ததால அவ பொய் சொல்றவ ஆயிட்டா. அதுக்கு எழுது.

முட்டிப் பட்டை நல்லாகீது.
பொன்னுரங்கம்

---

தம்மாம்
6-3-2002

தங்கை கோவிந்தம்மாவுக்கு,

நலமா என்று கேட்கவும் கை கூசுகிறது.

நான்தான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டு, ஓட்டியது பொன்னுரங்கம் என்று வெளியே தெரிந்தால் அவன் வேலையும் போகும், உன் வேலையும் போகும் என்றார். அதற்குப் பிறகுதான் விசாவைப் பற்றிப் பேசினார். பயத்தில் போட்டேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி ஆசையில் போட்டேன். மச்சான் அப்போது தூங்கவில்லை என்று அவர் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். படித்ததிலிருந்து என்னால் இங்கே யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நீ கேட்டதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கேம்பில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளப்பில் கொடு, குழலியின் டீச்சரிடமும் காட்டு. இனி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். பரவாயில்லை. மே மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். வீட்டுக்குள் விடுவாயா என்று மட்டும் எழுது.

உன் அண்ணன் என்று போட்டுக்கொள்ள உரிமை இருந்தால்,
வேலப்பன்

---

காத்திவாக்கம்
30-3-2002

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதிதான் வந்தது. திறப்பு விழா அதற்கு எட்டு நாள் முன்பே முடிந்துவிட்டது.

நீ எழுத மாட்டாய் என்று முடிவு செய்துகொண்டு நானே போனேன். குப்பத்துப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். குழலி வந்தாள். அவர் வர மாட்டேன் என்றார், கடைசியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நொண்டியபடி வந்து பஸ்ஸில் ஏறினார்.

தினகர் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். தொந்தி போட்டுவிட்டது. பின்னால் சுவரில் அந்தப் படம். நான் மடியிலிருந்து ஒரு முழம் வலை நூலை எடுத்துக்கொண்டு நேராக மேடை ஏறினேன். "சார், படத்துல உங்க பூட்ஸ்ல ஒரு முடிச்சு கீது பாருங்க. அதே மாதிரி ஒண்ணு கட்டிக் காட்டுங்க, நான் போயிடறேன்" என்றேன். மைக் திறந்திருந்தது, எல்லோருக்கும் கேட்டது. அவன், "இருபது வருஷம் ஆச்சும்மா, யாருக்கு ஞாபகம்?" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் எதிரிலேயே மேஜைக் காலில் கட்டினேன். மூன்று சுற்று, வால் மடக்கி இடது பக்கம். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து படத்தையும் பார்த்தார், மேஜைக் காலையும் பார்த்தார். நேராக வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். வாட்ச்மேன்கள் எங்களை கேட் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான் விழா.

கிளப்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லில் பெயரை மாற்றவில்லை. மறுநாளே படத்தைக் கழற்றிவிட்டார்கள். முடிச்சு தெரிகிறதாம். படத்தைப் பின்பக்கம் பழைய டயர்களோடு போட்டிருந்தார்கள், ஜாபர் பாய் கேட்டு வாங்கி வேனில் கொண்டுவந்தார். நம் அடையாளத்தோடு கரை ஒதுங்கிய பொருள், நமக்குத்தான் சொந்தம். வலை பின்னும் கொட்டகையில் மாட்டியிருக்கிறோம். பொன்னுரங்கம் என்று கீழே பெயிண்டில் எழுதியது குழலி. அவர் தினமும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போய் நின்றுவிட்டு வருகிறார்.

நீ எழுதிய தாளை செக்ரட்டரியிடம் கொடுத்தேன். அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்றார். பார்க்கட்டும், நான் விடப் போவதில்லை. ஒரு நகலை எடுத்துக்கொண்டு குழலி பள்ளிக்கூடம் போனாள். டீச்சரை எழுந்து நின்று படிக்கச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் படித்தாளாம், குழலியைப் பார்க்காமல். வீட்டுக்கு வந்து குழலி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, மாமா எழுதின பேப்பர்ல 'யாரோ'ன்னு போட்டிருக்கே, அது யாரு?"

நானும் திரும்ப எடுத்துப் படித்தேன். மேனேஜர் பெயர் இருக்கிறது, தினகர் பெயர் இருக்கிறது, வருடம், எண், உடுப்பு, பூட்ஸ் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வருகிற இடத்தில் மட்டும் 'லாரி இடித்ததாக யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள்' என்று இருக்கிறது. எனக்கு எழுதும்போது நான்தான் என்று அழுகிறாய், ஊருக்கு எழுதும்போது யாரோ. நானே 'யாரோ' என்று நினைத்துத்தானே பதினெட்டு வருடம் சாபம் விட்டேன்.

இன்னொரு நகலைப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டேன். அந்த இடம் ஓட்டையாக இருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் விரலை விட்டுப் பார்த்து என்ன இது என்று கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் மே மாதம் வந்து எழுதுவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் விடுவாயா என்று கேட்டாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கொட்டகைக்கு வா. பேனா நான் வைத்திருப்பேன். குழலி பார்க்க உன் பெயரை உன் கையால் எழுது. அப்புறம் வா, சோறு போடுகிறேன்.

தங்கை,
கோவிந்தம்மா